கோட்டை மேட்டுக்குக் கிழக்கே

மயிலிட்டியில் முப்பது வருடத்துக்கு மேல் இராணுவம் பூட்டி வைத்திருந்த காணிகளை விட்டிருந்தார்கள். வேலி இல்லை, வீடு இல்லை, ஒழுங்கை இல்லை. ஆளுயரப் பற்றைக்காடு.

குகதாசனிடம் அப்பாவின் காணி உறுதிப்பத்திரம் இருந்தது. கோட்டையடி என்னும் காணி, நாலு பரப்பு. மேற்கெல்லை கோட்டை மேடு. கிழக்கெல்லையில் கிணறு, அதில் அரைப்பங்கு. மற்ற அரைப்பங்கு அடுத்த காணிக்கார முருகேசுவுக்கு.

வெள்ளிக்கிழமை சேவையர் அளக்க வருவார். அதற்குள் பற்றையை வெட்டி எல்லைகளைக் காட்டவேண்டும். தவறினால் அடுத்த முறை எப்போதென்று அவருக்கே தெரியாது. குகதாசனின் தங்கை தயாளினிக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். ஊரைவிட்டு ஓடியபோது அவளுக்கு ஏழு வயது, அவனுக்கு ஒன்பது.

தயாளினி ஸ்கொட்லாந்தில் தாதி. லீவு நாட்களில் மலைக்கோட்டை பார்க்கப் போவாள்.

"அங்கை 'டன்' எண்டு தொடங்கிற ஊருகள் கனக்க, அண்ணை. கேலிக் பாஷையிலை கோட்டை. அந்தப் பாஷை கதைக்கிற ஆக்கள் இப்ப அங்கை குறைவு. ஆனா பேரை நம்பி மலை ஏறினா, மேலை கல்லு வட்டமாக் கிடக்கும்."

"இஞ்சை மலைக்கு எங்கை போறது?"

"மலை வேண்டாம், மேடு காணும்."

திங்கட்கிழமை மேட்டைக் கண்டுபிடித்தாள். இடுப்புயரம். மேலே சுண்ணாம்புக்கல், அரைவட்டமாக. பதினொரு படம் எடுத்தாள். அங்கிருந்து கிழக்கே அளந்து, மறுநாள் பற்றையை வெட்டத் தொடங்கினார்கள்.

முருகேசு தினமும் காலையில் சைக்கிளில் வந்தார். கல்லில் அமர்ந்து பார்த்தார். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"உங்கடை காணி எது, மாமா?" என்று குகதாசன் கேட்டான்.

"முதல் இது முடியட்டும். பிள்ளை, உந்த மூலையிலை ஒரு நாயுருவி நிக்குது."

தயாளினி அதையும் வெட்டினாள்.

வியாழன் பின்னேரம் கிழக்கெல்லை வந்தது. கிணறு இல்லை. சலம் கழிக்க மேட்டுக்குப் பின்னால் போன குகதாசன் கூப்பிட்டான். கிணறு அங்கே இருந்தது. மேற்கே.

தயாளினி முருகேசுவைப் பார்த்தாள்.

"அப்ப நாங்கள் வெட்டினது?"

"என்ரை காணி."

"இந்தக் கோட்டை?"

"ஆமியின்ரை பங்கர், பிள்ளை. கல்லு என்ரை வீட்டை இடிச்ச கல்லு."

"எப்ப தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"வாய் திறக்கேல்லையே, மாமா."

"எனக்கு எழுபத்தொண்டு வயசு. நாரி நோ, குனிய ஏலாது. இவ்வளவு வடிவா ஆர் வெட்டித் தருவினம்?"

குகதாசன் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். தயாளினி சிரிக்கவில்லை.

"விடிய சேவையர் வாறார், மாமா."

"வரட்டும்."

காலை ஐந்தரைக்கு முருகேசு இரண்டு மருமக்களோடும் நாலு கத்தியோடும் நின்றார். கிணற்றிலிருந்து மேற்கே வெட்டினார்கள். ஒரு மருமகன் யாரோடும் கதைக்கவில்லை. அவனுக்கு அன்றைக்கு லீவு.

பத்து மணிக்கு நிலம் சற்று உயர்ந்தது. கணுக்கால் உயரம். மண்ணுக்குள் பாதி புதைந்த மூன்று கல்.

"இதுதானா?" என்று தயாளினி கேட்டாள்.

"உறுதியிலை அப்பிடித்தான் கிடக்கு" என்றார் முருகேசு.

சேவையரின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது.

"படம் எடுக்கேல்லையோ?" என்றான் குகதாசன்.

"முதல் அவர் அளக்கட்டும்."

முதல் எல்லைக் கட்டையை அவளே பிடித்துக்கொண்டாள். சேவையர் அடித்தார்.