கழுதை திரும்பி வந்த கதை

நூலகத்தின் சிறுவர் பிரிவில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. பிள்ளைகள் வைத்த பெயர் கதையக்கா. புதிதாக வரும் எந்த நாவலையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தான் படித்து முடிக்காமல் அவள் அலமாரியில் வைத்ததில்லை. “கதையக்கா குடுத்தா நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லி வளர்ந்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார்கள்.

அந்த வழக்கத்தை அவள் ஒரே ஒருமுறை மீறினாள். அண்ணனும் தங்கையும் ஒரு கிழட்டுக் கழுதைமேல் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு மலையைக் கடக்கிற நாவல் அது. ஏழு வயதில் படித்தது. எத்தனையோ வருடம் அச்சிலேயே இல்லாமல் கிடந்து, போன மாதம்தான் மறுபதிப்பாக வந்திருந்தது. பெட்டியைப் பிரித்ததும், அட்டையில் காதைச் சாய்த்துக்கொண்டு நின்ற கழுதையை அவள் விரலால் தடவிக்கொடுத்தாள். இதைப் போய்ப் படித்துப் பார்க்க வேண்டுமா என்ன? சொந்த வீட்டுக்கு யாராவது வழி கேட்டுக்கொண்டு போவார்களா?

அதை முதலில் எடுத்துப் போனது ஒரு பத்து வயதுப் பெண். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எந்தப் புத்தகத்தை நீட்டினாலும், கையில் வாங்குமுன் ஒரே கேள்விதான் கேட்பாள்: “இதுல யாராவது சாவாங்களா?” ஆமாம் என்றால் தொடக்கூட மாட்டாள். கதையக்காவும் அவளிடம் ஒருநாளும் மழுப்பியதில்லை. ஒரு தாத்தா சாவார், ஒரு பூனை சாகும், ஒரு மரத்தை வெட்டுவார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். இந்த நாவலுக்கு மட்டும் யோசிக்கவே இல்லை.

“யாரும் சாகமாட்டாங்க. கழுதைக்குக்கூட ஒண்ணும் ஆகாது. என்னை நம்பு.”

சனிக்கிழமை காலை அந்தப் பெண்ணின் அப்பா மட்டும் உள்ளே வந்தார். புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

“வெளியில படியில உக்காந்திருக்கா. உள்ள வரமாட்டேங்குறா. இனிமே இந்தப் பக்கமே வேண்டாங்குறா.”

“ஏன், என்ன ஆச்சு?”

“கழுதை செத்துப்போச்சாம்.” சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“இருக்காதே!” என்றபடி அவள் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தைப் புரட்டினாள். இருந்தது. ஓடைக்கரையில் கழுதை படுத்தது, எழவில்லை. அண்ணனும் தங்கையும் கல் பொறுக்கி வந்து மூடுகிறார்கள். பிறகு மூட்டையை ஆளுக்குப் பாதியாகத் தோளில் ஏற்றிக்கொண்டு நடக்கிறார்கள். அவளுக்கு நினைவிருந்தது இதுவல்ல. விடியற்காலை, வாசலில் மணிச்சத்தம், கதவைத் திறந்தால் காதெல்லாம் நனைந்து நிற்கிற கழுதை. கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பார்த்தாள்; மணி என்ற சொல்லே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பழைய புத்தகத்தின் பின்னட்டை ஞாபகம் வந்தது. கடைசிப் பக்கங்கள் இல்லாமல் தையல் நூல் தொங்கிக்கொண்டிருக்கும். மீதியைச் சொன்னது அவளுடைய அக்கா. காய்ச்சலில் கொதித்த தன் பாதங்களின்மேல் அக்காவின் குளிர்ந்த பாதங்கள், ஒரே போர்வை.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். எதிர்முனையில் மிக்ஸி ஓடி நின்றது.

“அக்கா, அந்தக் கழுதை செத்துப்போச்சா?”

“எந்தக் கழுதை? உங்க மாமா இங்கதான் உக்காந்து டீ குடிச்சிட்டிருக்காரு.”

“விளையாடாத. உப்பு மூட்டைக் கழுதை.”

“அடிப்பாவி! நாப்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் விசாரணையா?”

“கடைசிப் பக்கமெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு, அதனால நீ சொன்னே...”

“எங்க கிழிஞ்சிருந்துச்சு? நான்தான் கிழிச்சேன்.”

“நூலகத்துப் புத்தகத்தையா!”

“ஆமா, ஆள் அனுப்பி என்னைப் பிடிச்சு உள்ள போடு. ஒரு வாரமா காய்ச்சல்ல கெடந்தே. கழுதை வீட்டுக்கு வந்தாத்தான் மருந்து குடிப்பேன்னு அடம். நான் என்ன பண்ண? வரவச்சேன். மணிச் சத்தத்துக்கு அப்பாவோட சாவிக்கொத்தைப் போர்வைக்குள்ள வச்சு ஆட்டினேன், தெரியுமா? கை வலிச்சுப்போச்சு.”

“அப்புறம் கூப்பிடுறேன்” என்று அவள் கைப்பேசியை அணைத்தாள். யாருக்கு எந்தக் கதையைப் பரிந்துரைத்தாலும், அதில் அந்த விடியற்காலையின் சாயல் கொஞ்சமாவது இருக்கிறதா என்றுதான் இத்தனை வருடமும் தேடியிருக்கிறாள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பதினோரு வயது அக்கா ஒருத்தி பயத்தில் கட்டிய கதை அது. அந்த அக்காவை இப்போதே போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் வெளியே படியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தான் கொடுத்தது கதையில்லை, வாக்கு.

புத்தகத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் செருப்பு வாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் சொன்னது பொய். தெரிஞ்சு சொல்லல. ஆனாலும் பொய்தான்.”

“நீங்க படிச்சதே இல்லையா?”

“கடைசி ரெண்டு அத்தியாயம் இன்னிக்குத்தான் பார்த்தேன்.” அக்கா செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மணி, நனைந்த காது, சாவிக்கொத்து எல்லாவற்றையும்.

அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினாள். “காது நனைஞ்சா மூட்டையும் நனையுமே? உப்பு கரைஞ்சிருக்காதா?”

“அவ்வளவு தூரம் அக்கா யோசிக்கல போல.”

“சின்னப் பிள்ளைதானே” என்றாள் அவள், பெரியமனுஷிபோல.

“கழுதைக்காக ரொம்ப அழுதியா?”

“அதுக்கு அழல. புல்லு திங்காம நின்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா நீங்க சொன்னீங்களேன்னு பொழைச்சுக்கும் பொழைச்சுக்கும்னு புரட்டிட்டே இருந்தேன்.” வாரை விட்டுவிட்டாள். “அப்பாவும் இப்படித்தான். அம்மா ஆஸ்பத்திரியிலேருந்து வந்துடுவா, வந்துடுவான்னு கடைசிவரைக்கும் சொன்னாரு.”

கதவருகே அவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கதையக்கா எதையாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பப் பார்த்தாள். நல்லவேளையாக வாய் திறக்கவில்லை.

“இதை இன்னும் ஒரு வாரம் வச்சுக்கலாமா?” என்று அந்தப் பெண் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

“மறுபடியும் படிக்கப்போறியா?”

“நான் இல்ல.” தலையைத் திருப்பாமலே குரலை உயர்த்தினாள். “அப்பா, நீ படி. கடைசிக்கு முந்தின அத்தியாயத்துல கழுதை செத்துப்போயிடும். இப்பவே சொல்லிட்டேன்.”

“சரிம்மா” என்றார் அவர். மேல்படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதை வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்தார்.