இது எண்ணூர் நாத்தம் இல்ல

திருவொற்றியூர் தாண்டினதுமே சாராவுக்குக் கருகல் வாடை மூக்கில் ஏறியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பக்கத்தில் இருந்த அப்பா கஸ்பாரைப் பார்த்தாள். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பின் சீட்டில் இருந்த அப்சல், யாரும் கேட்காமலே பதில் சொன்னான். எண்ணூர் பக்கம் வந்தால் நாறத்தான் செய்யும், கண்ணாடியை ஏற்றிக்கொள் என்றான்.

கேட்காமலே சொன்னதுதான் அவளுக்கு உறுத்தியது.

இந்தக் காரை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தவன் அப்சல்தான். வண்ணாரப்பேட்டையில் பழைய வண்டி வாங்கி விற்கிறவன். சாரா பி.காம். முடித்தவள். காசிமேட்டில் அவர்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மிதித்து என்ன, ஜவுளிக்கடையில் அடுத்தவள் பிரித்துப் போட்ட புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். எண்ணூரில் ஒரு கம்பெனி, ஷிப்டு பெண்களை ஏற்றி இறக்கப் பெண் டிரைவரோடு வண்டி கேட்டது. இன்றைக்கு வண்டியைக் காட்ட வேண்டும். அங்கே டிரான்ஸ்போர்ட் பார்க்கிற சித்தார்த், அப்சலுக்குப் பழக்கம். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் மறுபடியும் புடவைதான்.

கண்ணாடியை ஏற்றினாள். வாடை குறையவில்லை, கூடியது.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது நாறினாலும் கம்பெனி மேல் போட்டுவிடுவார்கள். சொந்த அடுப்பில் பால் தீய்ந்தால்கூட, இன்னைக்குக் கம்பெனியில என்னத்தையோ வுட்டுட்டான் என்று ஜன்னலைச் சாத்துவார்கள். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் இவன் ஓட்டை வண்டியைத் தலையில் கட்டினானா என்று சாராவுக்குள் ஓடியது. ஏசியை நிறுத்திப் பார்த்தாள். வாடை இறங்கியது. போட்டாள், குப்பென்று வந்தது. அப்படியென்றால் வெளியே எங்கேயும் இல்லை. எஞ்சின் பக்கமிருந்துதான் வருகிறது.

"இது எண்ணூர் நாத்தம் இல்ல, அப்சலண்ணே. வண்டிதான் கருகுது."

கொஞ்ச தூரம்தானே, போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றான் அவன். அதுவும் அவளுக்குச் சந்தேகமாகவே பட்டது. எர்ணாவூர் கிட்டே, வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள்.

ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கித்தான் இருந்தது. நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். எதிலும் பிரேக் பிடித்த சூடு இல்லை. வயர் கருகினால் பிளாஸ்டிக் நாறும். இது துணி நாற்றம். துணியோடு டீசலும். சூடு ஆறட்டும், உடனே திறக்காதே என்றான் அப்சல். எதை மறைக்கப் பார்க்கிறான் என்றே அவளுக்குத் தோன்றியது. முதலில் பானெட்டை விரலளவு தூக்கிப் பார்த்தாள். நெருப்பு இல்லை, நூல் மாதிரி புகை மட்டும். முழுசாகத் திறந்தாள்.

எஞ்சினுக்குப் பின்னால், சைலன்ஸர் குழாய் கிளம்புகிற இடத்தில், கருகின துணிச் சுருள் ஒன்று இறுக்கித் திணிக்கப்பட்டிருந்தது.

"ஆயில் ஒழுகுறத மறைக்கத் துணி அடைச்சிகீற. இன்னா ஒரு திருட்டு வேல."

லாரி டிரைவர் ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். அப்சலின் முகம் செத்துப்போனது.

"அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாதும்மா. திருடன்னு என்ன இதுவரிக்கும் யாரும் சொன்னதில்ல."

அவள் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் கஸ்பார் குறுக்கே வந்து கையை உள்ளே விட்டார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. கை நேராகத் துணிக்குப் போனது, இழுத்து ரோட்டில் போட்டு மிதித்தார். அப்புறம் அந்தப் பக்கம் போய், பேட்டரிக்கு அடியிலிருந்து இன்னொரு சுருளை உருவினார். அது அங்கே இருந்ததை யாருமே பார்க்கவில்லை. நீலக் கட்டம் போட்ட துணி. அவர் லுங்கி.

"அது அங்க கீதுன்னு உனக்கு எப்டிப்பா தெரியும்?"

கஸ்பார் அந்தச் சுருளையும் ரோட்டில் போட்டார். அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. கடலுக்குப் போய் வந்ததும் படகு எஞ்சினைக் கழற்றி, டீசலில் நனைத்த துணியைச் சுற்றி வைக்கிற மனுஷன். உப்புக்காத்து இரும்பைத் தின்றுவிடும். ராத்திரி முழுக்கக் கடலைப் பார்த்து நின்ற காருக்கும் அதையே செய்துவைத்திருக்கிறார்.

"நாறும்போதே சொல்ல இன்னா கேடு?"

"சொன்னா நீ கத்துவ."

கத்தினாள். வண்டி தீப்பிடித்திருந்தால் மூணு பேரும் போயிருப்போம் என்று கத்தினாள். கத்தி முடித்துத் திரும்பினபோது, அப்சல் எதிர்ப்பக்கம் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தான். கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

துணியில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். ஒட்டியிருந்த கரித்துணியைக் குச்சியால் சுரண்டி எடுத்தாள். பானெட்டைத் திறந்துவைத்தே எஞ்சினை ஓடவிட்டு, புகை நிற்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். எஞ்சினில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கஸ்பாரின் இரண்டு விரல் கொப்பளித்திருந்தது. தண்ணீர் பாட்டிலை அவர் மடியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

கம்பெனி கேட்டில் நின்றிருந்த சித்தார்த் வண்டிக்குள் தலையை நீட்டி முகர்ந்தார். என்ன கருகினது என்று கேட்டார்.

"துணி, சார். எங்கப்பா போட்டது. எடுத்தாச்சு."

கூட வருவதாகச் சொன்ன அப்சல் எங்கே என்றார் அடுத்து. பாதியில் வேறு வேலை வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

"திருடன்னு சொல்லிட்டேன், சார். தப்பு என் மேலதான். எறங்கிப் போய்ட்டாரு."

சித்தார்த் தலையை வெளியே எடுத்தார்.

"இப்பதான் போன் பண்ணான். பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி, ஆனா வண்டி நல்ல வண்டின்னான். வாயப் பாத்துட்டேன். வண்டியக் காட்டு."

சாரா இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தாள்.