கரையில் காட்டிய விளக்கு

"லைட்டு எரியுதா மாப்ள?" என்று அத்தான் கேட்டார்.

நான் வந்து இறங்கிய இரவு, நாங்கள் தெருவிளக்கின் நேர் கீழே நின்றிருந்தோம். எரிகிறது என்றேன். தலையாட்டிவிட்டு நடந்தார். படகு எஞ்சின் பழுதுபார்ப்பதில் அந்தக் கடற்கரையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒரு நட்டை முறுக்கிய பிறகும் படகுக்காரரைக் கூப்பிட்டு, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறாராம். அடுப்பை அணைத்துவிட்டு அக்காவை எழுப்பிக் கேட்பாராம். வருகிறவர்களுக்கு அது வேடிக்கை. அக்காவுக்குப் பழகிவிட்டது.

எட்டு வருடங்களாக நான் இந்தத் திருவிழாவுக்கு வரவில்லை. லீவு இல்லை, காய்ச்சல், டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு வருடமும் ஒன்று சொன்னேன். இந்த முறை அக்கா அழைக்கக்கூட இல்லை. மூன்றாவதாகப் பார்த்த கண் டாக்டரும் அத்தானின் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார் என்பதை மட்டும் போனில் சொன்னாள். மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன். எதற்குப் போகிறேன் என்று என் மனைவி கேட்கவில்லை. சட்டைகளை மடித்துக் கொடுத்தாள்.

இந்த ஊரில் வாணவேடிக்கையைக் கரையில் கொளுத்துவதில்லை. கடலுக்குள் ஒரு மிதவையைக் கட்டி, அதிலிருந்து விடுவார்கள். கரையின் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது என்பதால் விளக்குத்தான் பேச்சு. ஊர்வலத்தில் வரும் சாமி மணலில் இறங்கியதும் ஒருமுறை அசைத்தால், தயாராகு. தண்ணீரைத் தொட்டதும் இருமுறை அசைத்தால், கொளுத்து. எட்டு வருடத்துக்கு முன் அந்த விளக்கு என் கையில் இருந்தது. மிதவையில் அத்தானும் அதைக் கட்டிய தச்சரும் இருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். கூட்டத்தில் மனைவி என்னைத் தேடிக்கொண்டு நிற்பது தெரிந்தது. இங்கே இருக்கிறேன் என்று சொல்ல, விளக்கைத் தலைக்கு மேல் தூக்கி இரண்டு முறை அசைத்தேன். அவ்வளவுதான், அத்தான் கொளுத்திவிட்டார். தச்சர் அப்போது ஒரு வாணக் குழாயின் மேல் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின.

மறுநாள் விழாக் குழுவினர் அறையில் வைத்து விசாரித்தார்கள். விளக்குக் காட்டினாயா என்று கேட்டபோது இல்லை என்றேன். அந்தக் கணத்தில் அது எனக்குப் பொய்யாகக்கூடப் படவில்லை. நான் மிதவைக்குக் காட்டவில்லை, மனைவிக்குத்தானே காட்டினேன். என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்து நிமிர்வதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த அத்தான் தலை குனிந்திருந்தார்.

"அப்ப எனக்குத்தான் தப்பாத் தெரிஞ்சிருக்கு."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் தள்ளிப்போட்டது ஒரு வாரமாயிற்று. பிறகு, செய்ததைவிடச் சொல்லாமல் இருந்த நாட்கள் பெரிய குற்றமாகிவிட்டன. கூட்டத்தில் அந்த விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தவள் என் மனைவி. அவளும் நானும் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

திருவிழா அன்று பொழுது சாயும் நேரத்தில் அக்காவும் அத்தானும் நானும் கடலோரச் சுவரில் உட்கார்ந்தோம். கீழே மணலில் கூட்டத்தின் ஓரமாகத் தச்சர் நின்றிருந்தார். வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது. அவரும் அத்தானும் பேசி எட்டு வருடங்களாகின்றன.

"கண்ணு கழுகுக் கண்ணாம், டாக்டர் சொல்றார்," என்றார் அத்தான். "அப்ப கோளாறு மேல்மாடியிலதான். அடுத்த வாரம் தலைய ஸ்கேன் எடுக்கணும். உள்ள ஏதாச்சும் இருந்தாத்தானே படம் விழும்?"

அவரே சிரித்தார். சிரிப்பு வேறயா என்று அக்கா முணுமுணுத்தபடி பிளாஸ்க் மூடியைத் திருகினாள்.

சாமி தண்ணீரைத் தொட்டது. முதல் வாணம் மேலேறி விரிந்தது. ஆயிரம் முகங்கள் ஒரே நேரத்தில் பச்சையாயின.

"பச்சைதானே மாப்ள?"

"பச்சைதான் அத்தான்." அவர் பக்கம் திரும்பினேன். "அன்னிக்கும் நீங்க சரியாத்தான் பாத்தீங்க. விளக்கு அசைஞ்சுது. நான்தான் அசைச்சேன்."

அவர் திரும்பவில்லை. வானத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தனை தடவை?"

"ரெண்டு. என் வீட்டுக்காரியக் கூப்பிட."

"ரெண்டு," என்றார், தனக்குத்தானே. "ரெண்டுதான்."

செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு மணலில் இறங்கினார். தச்சர் நின்ற பக்கமாகத்தான் போனார். ஆனால் அவரிடம் போகிறாரா, அவரையும் தாண்டிக் கடலை நோக்கிப் போகிறாரா என்று தெரிவதற்குள் கூட்டம் மூடிக்கொண்டது.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஸ்கேனுக்குத் தேதி குறிச்சிருக்குடா," என்றாள். பிறகு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு சுவரின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

வேடிக்கை முடிந்து ஜனங்கள் மேலேறி வரத் தொடங்கினார்கள். யாருடைய காலோ பட்டு அத்தானின் செருப்பில் ஒன்று எங்கோ தள்ளிப் போயிற்று. மற்றதை மார்போடு பிடித்துக்கொண்டு, நான் மண்டியிட்டு அந்தக் கால்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தேன். புகை மெல்லத் தரைக்கு இறங்கி வந்தது.