தனி சிலிண்டர்

பட்டை பொருந்தவில்லை. எல்லா சிலிண்டருக்கும் சேரும் என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் சேரும், என்னுடையதற்கு மட்டும் சேராது. என் ராசி அப்படி. பெரிய சிலிண்டரின் பக்கவாட்டில் சின்னதை வைத்து இறுக்கினால் திருகு கடைசிவரை போய்விடுகிறது, சிலிண்டரோ இன்னும் ஆடுகிறது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து, பழைய சைக்கிள் டியூபை வெட்டி நடுவில் கொடுத்து மறுபடியும் இறுக்கினேன். ஒரு நகம் போனது.

இந்தச் சின்ன சிலிண்டர் எதற்கு என்றால், கடலுக்கு அடியில் முதுகிலிருக்கும் பெரியது மக்கர் செய்தால், மேலே வந்து சேரும்வரை மூச்சுவிட. அதற்கென்று, காற்றை வாய்க்குக் கொண்டுவரத் தனி ரெகுலேட்டர், காற்றின் அளவு பார்க்கத் தனி மீட்டர். ஜோடியாக மூழ்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது. ஒருவருக்குக் காற்று போனால் மற்றவர் கொடுப்பார். ஜோடி என்பதே அதற்குத்தான். என் ஜோடி என் வீட்டுக்காரர். அதனால்தான் எனக்குத் தேவைப்பட்டது.

போன தடவை ஆழத்தில் என் ரெகுலேட்டர் பழுதாகி, காற்று நிற்காமல் பீறிட்டது. கண்ணெதிரே குமிழியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருக்க வேண்டிய மனிதரைத் தேடினேன். ஆள் இல்லை. வந்த காற்றை ஓரமாக உறிஞ்சிக்கொண்டே மெல்ல மேலே வந்தேன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. படகில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கும்போது, நிதானமாக அவர் வந்து ஏறினார்.

“ஏன் பாதியிலயே போயிட்ட? ஒரு ஆக்டோபஸ் இருந்துச்சு. நிறம் மாறுச்சு தெரியுமா?”

நடந்ததைச் சொன்னேன். “அய்யய்யோ” என்றார். பிறகு கேமராவைத் திறந்து ஆக்டோபஸைக் காட்டினார்.

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் வம்பு. கெட்டவர் என்றால் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். தண்ணீருக்குள் போனால் அவருக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும். ஒரு மீன் வாலை ஆட்டினால் போதும், போய்விடுவார். திரும்பிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. நான்தான் அவர் பின்னாலேயே நீந்தி, அவர் காலில் மாட்டிய துடுப்பைப் பார்த்துப் பார்த்தே இத்தனை வருஷம் கடலைப் பார்த்தவள்.

ஆகவே ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன். “எனக்குத் தனியா ஒரு சிலிண்டர் வாங்கப் போறேன்.”

‘எதுக்கு, நான் இருக்கேன்ல’ என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் வாங்கியே இருக்க மாட்டேன். சத்தியமாக. அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “நல்ல ஐடியா. நானே சொல்லணும்னு இருந்தேன்” என்றார். அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. தனியாக மூழ்கும் பயிற்சி முடித்தால்தான் அதை வைத்துக்கொண்டு தனியே போக விடுவார்கள் என்று தெரிந்ததும், வகுப்புக்குத் தானே காரில் கொண்டுபோய் விட்டார். இத்தனை அக்கறையை நான் பிரசவத்தின்போதுகூடப் பார்த்ததில்லை.

இப்போது குளியலறை வாசலில் நின்று லென்ஸ் துடைத்துக்கொண்டே யோசனை சொன்னார்.

“இடது பக்கமா மாட்டிப் பாரேன்.”

“இடது பக்கம்தான் மாட்டியிருக்கேன்.”

“உன் இடதா, சிலிண்டரோட இடதா?”

சிலிண்டரைத் திறந்ததும் அதன் கழுத்தோரம் காற்று சீறியது. ரெகுலேட்டரைக் கழற்றி, நடுவிலிருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றி, மறுபடி பூட்டினேன். வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் இன்னும் ஒற்றை ஒற்றையாகக் குமிழி வருகிறது. இன்னொரு வளையம். குமிழி நின்றது. அடுத்து குழாய். முதுகுப் பக்கத்திலிருந்து என் வாய்க்கு எட்டவில்லை, தலையைத் திருப்பினால் இழுக்கிறது. நீளக் குழாய்க்காக மறுபடியும் கடைக்கு அலைந்தேன். நீச்சல் குளத்தில் இறங்கிப் பார்த்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. இடுப்பில் கட்டும் ஈயக்கட்டியை வலப்பக்கம் மாற்றிக் கட்டிச் சரிசெய்தேன். எதை எடுக்கிறோம் என்று பதற்றத்தில் குழம்பக்கூடாது என்று வாயில் கவ்வ மஞ்சள் நிற வாய்த்துண்டு வாங்கி, ரப்பர் கயிற்றில் கோத்துத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டேன். ஒவ்வொரு முறை தவறும்போதும் அவரைத் திட்டினேன், மனசுக்குள். ஒரு மனுஷன் நாலு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் இந்த வேலை ஒன்றுமே இல்லை.

அடுத்த தடவை கடலுக்குப் போனபோது, படகில் பயிற்சியாளர் எல்லாரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்தாள். கறாரான பெண். எங்களிடம் வந்ததும் வழக்கம்போல, “நீங்க ரெண்டு பேரும்?” என்றாள்.

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “அவகிட்டதான் தனி சிலிண்டர் இருக்கே மேடம். அவ பாத்துக்குவா. நான் கொஞ்சம் படம் எடுக்கணும்.”

அத்தனை பேர் முன்னால் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

“சரி. நான் தனியாவே போறேன்” என்றேன். “இவர யார்கூடயாவது சேத்துக்கோங்க.”

பயிற்சியாளர் என் சிலிண்டரைத் திறந்து, மஞ்சள் வாய்த்துண்டில் மூச்சு விட்டுப் பார்த்து, தலையாட்டினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “உங்களுது எங்க சார்?”

“என்னது?”

“தனி சிலிண்டர். அது இல்லாதவங்க தனியா போக முடியாது. இன்னிக்கு எல்லாரும் ஜோடி சேந்தாச்சு. நீங்க எங்கூட வந்துடுங்க, புதுசா கத்துக்கறவங்களோட.”

“நான் இவகூடதான் எப்பவும்…” என்று என்னைப் பார்த்தார். நான் துடுப்பு மாட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

முதலில் நான் இறங்கினேன். உடம்பு சாயவில்லை, குழாய் இழுக்கவில்லை. கடலுக்கடியில் ஒரு பாறையின் மேல்விளிம்பில் நின்றேன். முன்னால் எந்தத் துடுப்பும் இல்லை, நேராகக் கடல்தான் தெரிந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோபம்தான் இன்னும் ஆறாமல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் எனக்குக் கீழே, மணல் பக்கமாக அந்தப் புதியவர் கூட்டம் போனது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, தண்ணீரை உதைத்துக் கலக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் என் வீட்டுக்காரர். அவர் முழங்கையைப் பயிற்சியாளர் கெட்டியாகப் பிடித்திருந்தாள். கேமரா கழுத்தில் சும்மா தொங்கியது. அவருக்கு முன்னால் ஒரு திருக்கை மணலை உதறிக்கொண்டு எழுந்தது, பெரியது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம், வலது பக்கம், பின்னால். பயிற்சியாளர் இழுக்க இழுக்கத் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார். மேலே மட்டும் பார்க்கத் தோன்றவில்லை.

என் பையில் உலோகக் கொக்கி இருந்தது. சிலிண்டரில் இரண்டு தட்டுத் தட்டினால் கேட்டிருக்கும், நிமிர்ந்திருப்பார். எனக்கு அழுகை வந்தது. கொக்கியைக் கையில் எடுத்துவிட்டேன், ஆனால் தட்டவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும் என்று அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.