ஓனருக்கு மேலே ஒருவர்

நான் எழுதிய நிரல்களில் எனக்கே வெட்கமாக இருப்பது ஒன்றுண்டு. மொத்தம் ஒரே ஒரு வரி. எழுதச் சொன்னவர் முத்திருளன், எழுதியது நான். அதனால் இனி அவரைத் திட்டும் இடத்திலெல்லாம் என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திருளன் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் திருமணத் தகவல் மையம் நடத்தினார். பரவை மார்க்கெட் பக்கம் ஒரு கிளை. வருகிறவர்களின் ஜாதகம், போட்டோ, முகவரி எல்லாம் முன்பு தடித் தடி நோட்டுகளில் இருந்தன. 2005இல் அதை வெப்சைட்டாக மாற்றிக் கொடுத்தது நான்தான். இரண்டு இடத்திலும் சேர்த்து ஆறு பேர் வேலை பார்த்தார்கள். ஆறு பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட். அது கவுண்டருக்குப் பின்னால் தொங்கிய தினசரி காலண்டரின் அட்டையில் பச்சை மையால் எழுதியிருந்தது. சம்பந்தம் பேச வந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் தண்ணீர் குடிப்பார்கள். மாற்றச் சொல்லி நாலு தடவை சொன்னேன். “எல்லாம் நம்ம ஆளுகதானம்மா” என்றார் நாலு தடவையும்.

2007இல் ஒரு பெண்ணுக்கு முகம் தெரியாதவர்கள் போன் செய்து வம்பு பண்ண, அவள் அண்ணன்மார் மாடியேறி வந்து கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள். கண்ணாடி உடைந்த பிறகுதான் முத்திருளனுக்குப் புத்தி வந்தது. என்னைக் கூப்பிட்டு, “ஆளாளுக்கு எதைப் பாக்கணுமோ அதை மட்டும் பாக்குற மாதிரி செஞ்சு குடும்மா” என்றார்.

செய்தேன். நாலு ரோல். கவுண்டரில் இருப்பவர் புதிதாகப் பதியலாம்; பதிந்து முடித்ததும் முகவரி அவர் கண்ணுக்கு மறைந்துவிடும். ஜாதகம் பொருத்துகிறவருக்கு முகவரியே தெரியாது. கிளைப் பொறுப்பாளருக்குத் தன் கிளையில் பதிந்தவர்களின் முகவரி மட்டும் தெரியும். ஓனருக்கு எல்லாம் தெரியும். யார் எந்த முகவரியை எப்போது திறந்தாலும் அவர் பெயரோடு தனியாக ஒரு பதிவில் விழும். இன்னொரு விதி, தன்னைவிட மேலான ரோலை ஒருவர் யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது. இதெல்லாம் உலகம் முழுக்க உள்ள நடைமுறை. காலண்டர் அட்டையைக் கிழித்து நானே குப்பையில் போட்டேன்.

ஐந்து நாள் நிம்மதியாக ஓடியது. ஆறாம் நாள் முத்திருளன் போன் செய்தார்.

“மாமாவுக்கு அனுமதி இல்லைன்னு எழுதி வச்சிருக்கியாம்மா?”

மாமா என்றால் நல்லகாமன். முத்திருளனின் தாய்மாமன். முத்திருளன் கட்டியதும் அவர் மகளைத்தான் என்பதால் மாமனாரும் அவரே. பரவைக் கிளையைப் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டார் என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கீபோர்டில் அவர் விரல் பட்டதே கிடையாது. பக்கத்தில் இருக்கும் குமாஸ்தா தட்டுவான், வாசித்துக் காட்டுவான், அவர் தலையாட்டுவார். அன்றைக்கு ஆரப்பாளையத்தில் பதிந்த ஏதோ ஒரு பெண்ணின் விவரத்தைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். திரையில் வந்ததை அந்தக் குமாஸ்தா உரக்க வாசித்துவிட்டான்: ‘உங்களுக்கு இதைப் பார்க்க அனுமதி இல்லை.’ எதிரே இரண்டு பார்ட்டிகள் உட்கார்ந்திருந்தார்களாம். மாமா பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுந்து போனவர், இனி மருமகன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றுவிட்டாராம்.

மறுநாள் என்னை ஆரப்பாளையத்துக்கு வரச் சொன்னார்கள். நல்லகாமனும் வந்திருந்தார்.

“பாப்பா, நீ எந்த ஏரியா?” என்றார்.

“முனிச்சாலை.”

“அங்கிட்டெல்லாம் தாய்மாமனுக்கு மருவாதி உண்டா இல்லையா?”

“உண்டு பெரியவரே. கல்யாணத்துல. கம்ப்யூட்டர்ல இல்ல.”

முத்திருளன் என்னை முறைத்தார். அவர் மேஜையில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறை கிடந்தது. அதன் பின்பக்கம், பத்திரிகை வைக்கப் போகிறவர்களை வரிசைப்படுத்துவதைப் போலப் பெயர்களை எழுதியிருந்தார். முதலில் மாமா. இரண்டாவது அவர். அப்புறம் மற்றவர்கள். அவர்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் மாலை மாமாவுக்குத்தான். அதே வரிசையில் ரோலும் வேண்டுமாம்.

“ஓனருக்கு மேல ரோல் கிடையாதுண்ணே” என்றேன்.

“போடு. பேரு ‘பெரியவர்’னு வையி. எல்லாத்தையும் பாக்கலாம். யாருக்கு என்ன ரோலுன்னு மாத்துறது, பதிஞ்சதை அழிக்கிறது, அதுவும் அவருக்குத்தான். அழிக்கிறது எனக்குக்கூட வேணாம்.”

சரி, போட்டுத் தொலைப்போம் என்று தலையாட்டினேன். அதோடு விடவில்லை.

“அப்புறம் அந்தப் பதிவு. மாமா என்னத்தைத் தொறந்தாருன்னு நான் வேவு பாக்குறதா? நாளைக்கு அவருக்குத் தெரிஞ்சா என் வீட்டுல அடுப்பு எரியுமா? அவரு பேருக்கு மட்டும் பதிவு விழக்கூடாது.”

அது கூடாது என்று எனக்குத் தெரியும். ஒருவரை விட்டுவிட்டு வைக்கிற பதிவு பதிவே இல்லை, அது மற்றவர்கள் மேல் பழி போட மட்டும்தான் உதவும். இதைச் சொல்லவும் செய்தேன். ஆனால் வெயில், பசி, இரண்டு பேரும் மாறி மாறிப் பேசிய பேச்சு. “சரிண்ணே” என்றேன். அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை எழுதினேன். யூசர் நல்லகாமன் என்றால் எதையும் பதியாதே. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, முத்திருளன் அவசரமாக வரச் சொன்னார். நான் போனபோது ஒச்சாயி என்ற அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லையாம். கட்டியவன் அடி தாங்காமல் பிரிந்து, சட்டப்படி விவாகரத்தும் வாங்கிய தன் மகளை மறுமணத்துக்குப் பதிந்திருந்தார். முகவரியை எவனுக்கும் கொடுக்கக் கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. மகள் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் வேலை பார்த்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பழைய புருஷன் ஹாஸ்டல் வாசலில் நின்று, வேலைக்குக் கிளம்பி வந்தவளைத் தலைமுடியைப் பிடித்து ரோட்டில் இழுத்திருக்கிறான். பூக்கடைக்காரர்கள் ஓடிவந்து பிரித்துவிட்டார்கள். வார்டன் காலி பண்ணச் சொல்லிவிட்டாள்.

“எம்மக அங்க இருக்கது எனக்கும் ஒனக்குந்தானப்பா தெரியும்” என்றார் ஒச்சாயி. அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

முத்திருளன் ஒரு தாளை நீட்டினார். நான் செய்து கொடுத்த பதிவின் பிரிண்ட். “கம்ப்யூட்டரே சொல்லுதுத்தா. எங்க ஆளுகள்ல ஒங்க மக பக்கத்தைத் தொறந்தது ஒரே ஒருத்திதான். இந்தா நிக்கிறா. இன்னையோட அனுப்பிட்டேன். மதுரையில எந்த மையத்துலயும் இவளச் சேக்க விடமாட்டேன், எல்லாத்துக்கும் போன் அடிச்சுச் சொல்லிட்டேன்.”

நாகஜோதி கவுண்டரை ஒட்டி நின்றாள். அந்த மாடியில் ஒழுங்காக வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எட்டு வருஷமாக இதே வேலை. அவள் வீட்டிலும் வேலைக்குப் போகிறவள் அவள் மட்டும்தான். கல்யாண மையத்தில் முகவரியை விற்றவள் என்று பெயர் எடுத்தால் அப்புறம் இந்தத் தொழிலில் அவளை யார் வாசலில் ஏற்றுவார்கள்?

“நான் பதிஞ்சப்ப அவுக செக்கானூரணி வீட்டுல இருந்தாகண்ணே” என்றாள். “மாட்டுத்தாவணி ஹாஸ்டலு எனக்குத் தெரியவே தெரியாது.”

தாளை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அவள் பெயர் ஒரே ஒரு முறை, பதிந்த அன்று. ஹாஸ்டல் முகவரி வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. ஒச்சாயி நேரில் வந்து சொல்ல, மாற்றியவர் முத்திருளன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்ததாக யார் பெயரும் இல்லை. அவனோ நேராக ஹாஸ்டலுக்குப் போயிருக்கிறான். புது முகவரியைப் பார்க்கக்கூடியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் என்ன செய்தாலும் பதிவில் விழாது, அது என் கைங்கரியம்.

நல்லகாமன் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முத்திருளனை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் இதையெல்லாம் சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“தெரியும்மா. அந்தப் பய அப்பன் மாமாவுக்குப் பங்காளி. போன வாரம் பரவைக்கு வந்து போயிருக்கான். எனக்கு எல்லாம் தெரியும். அதுக்கு? மாமாவைப் பாத்து நீயா குடுத்தன்னு கேக்கச் சொல்றியா? அவரு மடியில வச்சுத்தான் எனக்குக் காது குத்துனாக.”

“அதுக்கு நாகஜோதியா கெடைச்சா?”

“அவளுக்கு வேற வேலை கெடைக்கும். எனக்கு வேற மாமா கெடைக்க மாட்டாரு.”

எனக்கு அவரை அந்தப் படியிலிருந்து தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. தள்ளவில்லை. தள்ளியிருந்தாலும் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

உள்ளே வந்தபோது ஒச்சாயி எழுந்து நின்றார். “எம்மக பேர இப்பவே எடுத்துருங்க. நான் பாக்கணும்.”

முத்திருளனால் எடுக்க முடியாது. அழிக்கிற அதிகாரம் மாமாவிடம். எல்லோரும் நல்லகாமனைப் பார்த்தார்கள். அவர் டம்ளரை வைத்தார்.

“எதுக்கு எடுக்கணும்? புருசன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும். சேந்து வாழட்டுமேன்னுதானத்தா நானும் பாத்தேன்” என்றார், யாரும் கேட்காமலே, ஒரு நல்ல காரியம் செய்தவர் தொனியில்.

முத்திருளன் ஜன்னலுக்கு வெளியே பஸ் எண்ணிக்கொண்டிருந்தார். நாகஜோதி மேல் போட்ட பழியைத் திருப்பி எடுக்க அவருக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. தொடர்ந்து எண்ணினார்.

ஒச்சாயி மெதுவாக நல்லகாமன் பக்கம் திரும்பினார். “நீயும் பொம்பளப் புள்ளயப் பெத்தவன்தான? ஒம்மகள ரோட்டுல முடியப் புடிச்சு இழுத்தா, சேந்து வாழுன்னு சொல்லிப் பாப்பியா?” என்றார். “எடுடா எம்மக பேர.”

அவரை அப்படி ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். முகம் கறுத்துப் போய், “எடுத்து விடு” என்று நாகஜோதிக்குக் கையைக் காட்டினார். காலையில் வேலையை விட்டு அனுப்பிய பெண்ணிடம்தான். தட்டுவதற்குக் கவுண்டரில் வேறு ஆள் இல்லை. “என் பேரு. பாஸ்வேர்டும் அதே பேருதான், பின்னால ஒண்ணு ரெண்டு மூணு” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

நாகஜோதி உட்கார்ந்தாள், தட்டினாள். ஒச்சாயியின் மகள் பெயர் பட்டியலிலிருந்து போனது. ஒச்சாயி இரண்டு முறை காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு இறங்கினார். முத்திருளன் பின்னாலேயே சமாதானம் சொல்லிக்கொண்டு போனார். நல்லகாமன் இன்னொரு டீ சொன்னார்.

நாகஜோதி எழுந்திருக்கவில்லை. நான் அவள் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றேன். மாமாவின் லாகினில் இருந்தபடியே யூசர் பட்டியலைத் திறந்தாள். நல்லகாமன் என்ற பெயருக்கு நேரே ‘பெரியவர்’ என்று இருந்ததை ‘கவுண்டர்’ என்று மாற்றினாள். சேமித்தாள். வெளியேறினாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

“போறேன்க்கா” என்று டிபன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை முத்திருளன் போன்.

“மாமாவுக்கு மறுபடி அனுமதி இல்லைன்னு வருதாம்மா. பரவையில பத்துப் பேரு முன்னாடி வாசிச்சுட்டான். நான் மாத்தலாம்னு பாத்தா எனக்கும் முடியல.”

“ஒங்களுக்கு மேல இருக்க ரோலை நீங்க குடுக்க முடியாதுண்ணே. விதி.”

“எவன் மாத்துனான்னு பதிவைப் பாரு.”

“பாத்தேன். மாமா பேருல நடந்தது எதுவும் பதிவுல விழாது. நீங்கதான வேணாம்னீங்க.”

அவருக்குப் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

“சரி, நீ மாத்திக் குடு. அவரு வீட்டுக்கு வரமாட்டேன்னுட்டாரு. என் சம்சாரம் அழுவுறா.”

“மாத்துறேன். நாகஜோதி மேல எந்தத் தப்பும் இல்லைன்னு லெட்டர்பேடுல எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு அனுப்புங்க. போன் அடிச்ச எல்லா மையத்துக்கும் ஒரு நகல்.”

“அப்ப யாரு தப்புன்னு கேப்பாகளேம்மா.”

“கேக்கட்டும்.”

“மாமா என்ன நெனப்பாரு?”

“மாமா இப்ப கவுண்டர்ல இருக்காருண்ணே, நாகஜோதி எடத்துல” என்றேன். “அந்த எடம் காலியாத்தான கெடக்கு. அவரே இருக்கட்டும்.”

போனை வைத்துவிட்டார். வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார், எனக்குக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கூரியரில் கடிதம் வந்தது. சீல் கோணலாக விழுந்திருந்தது. நாகஜோதி அதை லேமினேட் போட்டு எடுத்துக்கொண்டு போய்த்தான் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறொரு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒச்சாயியின் மகள் மதுரையிலேயே இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பேச்சு மாறக் கூடாதென்று, கடிதம் வந்த அன்றைக்கே நல்லகாமனை மறுபடி ஓனருக்கு மேலே உட்கார வைத்தேன். கை நீட்டினால் எல்லாக் கதவும் திறக்கும், அனுமதி இல்லை என்று ஒரு வார்த்தை வராது. எதையும் பதியாதே என்ற அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டேன். இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.