ஆதிப் பிதாக்கள் எந்தக் கோயில்?

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எனக்கு வந்த வேலை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஏற்றுமதிக் கடிதங்கள் எழுதுகிறவன் நான். சரக்கு தாமதமானால், தாமதத்துக்கு நாங்கள் காரணமே இல்லை என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் நம்பும்படி பணிவான ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அந்த ஆங்கிலத்தை நம்பித்தான் 2008 புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானசிகாமணியும் சூசை மிக்கேலும் ஆளுக்கொரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு என் வீட்டுப் படியேறினார்கள்.

இருவரும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஞானசிகாமணி சி.எஸ்.ஐ. என்னும் சீர்திருத்த சபை, சூசை மிக்கேல் ஆர்.சி. என்னும் கத்தோலிக்க சபை. ஞானசிகாமணியின் மகன் ராபின் எங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சூசை மிக்கேலின் மகள் ஆஷா அங்கேயே செக்கிங் சூப்பர்வைசர். ராபினும் ஆஷாவும் கல்யாணம் செய்துகொள்வதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்தக் கோயிலில் என்பதில்தான் தகராறு.

"தம்பி, நீங்க முருகனக் கும்புடுத ஆளு. எங்க ரெண்டு பக்கமும் சாய மாட்டீய," என்றார் ஞானசிகாமணி.

"ரெண்டு சபையும் பிரிஞ்சது ஐநூறு வருசத்துக்கு முன்ன," என்றார் சூசை மிக்கேல். "அதுக்கு ரொம்ப முன்னால, எல்லாம் ஒண்ணா இருந்த காலத்துல, பெரியவங்க எழுதி வச்சது இந்தப் புத்தகங்கள்ல இருக்கு. அவங்க எங்கள மாதிரி நம்புனாங்கன்னா கல்யாணம் எங்க கோயில்ல. இவங்கள மாதிரி நம்புனாங்கன்னா இவங்க கோயில்ல. படிச்சு, தமிழ்ல சொல்லி, தீர்ப்பும் நீங்கதான் சொல்லணும்."

"ஏனுங்க, நான் பையருக்குக் கடுதாசி எழுதறவனுங்க. எனக்கு பைபிளே முழுசாத் தெரியாதுங்களே."

"அதான் நல்லது," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

(நொய்யல் ஆற்றின்மீது மாலை வெயில் படிந்து, தண்ணீர்)

விட்டுவிட்டேன். தண்ணீர் என்ன கலரில் ஓடியது என்று எழுதினால் இது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கதையாகிவிடும்.

(அந்தியோக்கியா என்னும் ஊரின் பிஷப் ஒருவர், சிங்கங்களுக்கு இரையாவதற்காக ரோமாபுரிக்குக் காவலுடன் இழுத்துச் செல்லப்படும் வழியில், கடிதங்கள் எழுதிக்கொண்டே)

இது நல்ல தொடக்கம். சாகப்போகிற வழியில் கடிதம் எழுதிய மனிதரை என்னைப் போன்ற கடுதாசிக்காரனுக்குப் பிடிக்காமல் போகுமா? ஆனால் முதல் வரியிலேயே சிங்கத்தைக் கொண்டுவந்துவிட்டால், பின்னால் வரும் பேக்கரியை யார் படிப்பார்கள்?*

மூன்றாவதுதான் நீங்கள் மேலே படித்தது.

* அந்த பிஷப்பின் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். ஒரே ஆளுக்கு ஆர்.சி. தமிழில் ஒரு பெயர், சி.எஸ்.ஐ. தமிழில் இன்னொரு பெயர். எதைப் போட்டாலும் ஒருவர் முகம் சுளிப்பார். ஆகவே இந்தக் கதையில் ஆதிப் பிதாக்கள், அதாவது சூசை மிக்கேல் சொன்ன அந்தப் பழைய பெரியவர்கள், யாருக்கும் பெயர் கிடையாது, ஊர் மட்டும்தான். (எழுதிய பிறகு கவனித்தேன்: "பிதாக்கள்" என்பதே சி.எஸ்.ஐ. தமிழ். சூசை மிக்கேல் "தந்தையர்" என்றுதான் சொல்வார். பொறுத்துக்கொள்ளட்டும்.)

3

அமெரிக்காவில் ஏதோ வங்கி விழுந்தது. எங்கள் ஊரில் ஓவர்டைம் நின்றது. போதாக்குறைக்கு மின்வெட்டு. வேலை இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. ஞாயிறு மாலைகளில் பல்லடம் ரோட்டுப் பேக்கரியில் மூன்று டீயும் தேங்காய் பன்னும் வாங்கி வைத்துக்கொண்டு நான் வாசிப்பேன், அவர்கள் சண்டை போடுவார்கள்.

முதல் ஆட்டம் ஆர்.சி.க்கு. சிங்கத்துக்குப் போன பிஷப், பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தைச் சாவுக்கு மருந்து என்றே எழுதியிருந்தார்.

"கேட்டீங்களா? மருந்துன்னுட்டாரு, வெறும் அடையாளம்னு சொல்லல!" சூசை மிக்கேல் டீ கிளாஸை உயர்த்திக் காட்டினார்.

அடுத்தது சி.எஸ்.ஐ.க்கு. கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு பெரிய பிரசங்கியார். வேதம் வாசிப்பது துறவிகளின் வேலை என்று தப்பித்துக்கொள்ளாதீர்கள், பெண்டாட்டி பிள்ளையோடு தொழில் செய்கிறவனுக்குத்தான் அது அதிகம் தேவை, வீட்டில் உட்கார்ந்து படியுங்கள் என்று சபையைக் கடிந்துகொண்டிருந்தார்.

"இது எங்க சபை ஐயர் பிரசங்கம் பண்ணுத மாதிரியே இருக்குல்லா!" ஞானசிகாமணி எனக்கு இன்னொரு பன் சொன்னார்.

அப்புறம் குழப்பம் ஆரம்பித்தது. குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றித் தேடினால், கார்த்தேஜ் என்ற ஒரே ஊரில் ஒருவர் குழந்தை வளரட்டும், பொறுங்கள் என்கிறார். ஒரு தலைமுறை கழித்து அதே ஊர் பிஷப், எட்டு நாள்கூடப் பொறுக்க வேண்டாம் என்கிறார். கல்யாணத்தைப் பற்றியே ஏதாவது இருக்குமா என்று பார்த்தேன். இருந்தது. நம்முடைய சிங்கத்து பிஷப்தான்: பிஷப்பின் சம்மதத்தோடு மணமுடியுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் மேஜையைத் தட்டினார்கள். கோயமுத்தூரில் ஆர்.சி.க்கும் பிஷப் இருக்கிறார், சி.எஸ்.ஐ.க்கும் பிஷப் இருக்கிறார்.

அதே ஆப்பிரிக்காவில் வேறோர் ஊர் பிஷப்தான் குழப்புவதில் இருப்பதிலேயே மோசம். மனிதனால் ஆவது ஒன்றுமில்லை, எல்லாம் கடவுளின் கிருபை என்று அவர் எழுதியதைப் படித்ததும் ஞானசிகாமணிக்குக் கண்ணில் ஒளி வந்தது. பின்னாளில் பிரிந்துபோனவர்கள் தூக்கிப் பிடித்ததே அவரைத்தான். பக்கத்தைத் திருப்பினால், திருச்சபை சொல்லாவிட்டால் நான் சுவிசேஷத்தையே நம்பியிருக்க மாட்டேன் என்கிற மாதிரி எழுதுகிறார். இப்போது ஒளி சூசை மிக்கேல் கண்ணுக்கு இடம் மாறியது.

(இந்த இடத்தில், "ஒரே துணிதான், லேபிள்தான் வேறு" என்று எழுதினேன். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு அதை எழுதாமல் இருப்பது கஷ்டம். சூசை மிக்கேலிடம் படித்துக் காட்டினேன். "அப்ப நாங்க வெறும் லேபிளாய்யா?" என்று கேட்டார். அடித்துவிட்டேன். அவர் கேட்டது நியாயம். லேபிளுக்காக யாரும் அழுவதில்லை.)

3 (மறுபடியும்)

ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம். ராபின் இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மாப்பிள்ளைக்கு வசனம் இல்லாத கதையை யார் ஒப்புக்கொள்வார்கள்? ஒரு காதல் வசனம் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன்: (ஆஷா, கோயில் எதுவானால் என்ன, நம் மனசு) வேண்டாம். அவன் நிஜத்திலும் பேசாதவன். துணியை வெட்டும்போது மட்டும் உதட்டைக் கடித்துக்கொள்வான்.

ஆஷா அப்படியில்லை. ஐப்பசி பிறந்ததும் ஒரு ஞாயிறு பேக்கரிக்கே வந்துவிட்டாள். அப்போதுதான் இரண்டு அப்பாக்களும் மும்முரமாக, கோயமுத்தூர் நூலகத்திலிருந்து அடுத்த வால்யூமை யார் போய் எடுத்து வருவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த வால்யூமா? எத்தன வால்யூம்ணா இருக்குது?" என்னைத்தான் கேட்டாள்.

"பத்துப் பாஞ்சு இருக்குமாட்ட இருக்குது, கண்ணு."

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் கல்யாணத்தையே மறந்துட்டீங்க, தெரியுமா? தை மாசம் ஆர்டர் திரும்ப வந்துச்சுன்னா ஒரு நாள் லீவு கிடைக்காது. தைக்குள்ள முடிவு சொல்லலைன்னா நாங்க ரிஜிஸ்தர் ஆபீஸ் போயிக்குவோம். அங்க எந்தப் பிதாவும் வரமாட்டாரு."

ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னது உண்மை. சண்டை அத்தனை சுகமாக இருந்தது. ஊரை விட்டு வந்த நாளிலிருந்து, வேலையைத் தவிர வேறு எதைப் பற்றியும் இவ்வளவு நேரம் பேச அவர்களுக்கு ஆள் கிடைத்ததில்லை. எனக்கும்தான்.

4

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஆப்பிரிக்க பிஷப்பின் அம்மா சாகிற இடத்தை வாசித்தேன். சொந்த ஊருக்குத் திரும்பக் கப்பலுக்குக் காத்திருக்கிறார்கள். துறைமுகத்திலேயே அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. சொந்த ஊரில், கணவர் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டவர், கடைசியில் பிள்ளைகளிடம் சொல்கிறார்: இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். கோயிலில் பீடத்தின் முன்னால் நிற்கும்போது என்னை நினைத்துக்கொண்டால் போதும்.

இது ஆர்.சி. பக்கத்துப் புள்ளி என்று எனக்கே தெரிந்தது. இறந்தவர்களுக்காகப் பூசை வைத்து மன்றாடுவது அவர்கள் வழக்கம். சூசை மிக்கேல் கத்தப்போகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஞானசிகாமணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு மட்டம் வாசிங்க, தம்பி," என்றார் ஞானசிகாமணி.

வாசித்தேன்.

அவருடைய மனைவி ஜெயபாய் திருப்பூரில் இறந்தவர். இங்கேதான் அடக்கம். அதுவரை எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

"அவளும் இதத்தான் சொன்னா," என்றார். "ஊருக்குக் கொண்டு போவணும்னு எனக்கு ஆச. எதுக்கு அலையுதிய, இங்கயே வச்சிருங்க, என்ன மறந்துராதீங்கன்னா. எங்க சபையில செத்தவங்களுக்காக நன்றி சொல்லுவோம். வேண்டிக்கிட மாட்டோம். அவ கர்த்தர் கையில இருக்கா, இனி நாம கேக்க ஒண்ணுமில்ல." டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். "ஒண்ணுமில்லன்னு தெரியும் தம்பி. கேக்கணும்போல இருக்கே."

இதை உவமை போட்டு எழுத வேண்டிய அவசியமில்லை.

"கல்லறைத் திருநாள் அடுத்த ஞாயித்துக்கிழம," என்றார் சூசை மிக்கேல். "இறந்தவங்க பேரு குடுத்தா பூசையில வாசிப்பாங்க."

"நான் குடுத்தா நீங்க ஜெயிச்சதா ஆயிரும்."

"ஆயிரும்."

"ஆவட்டும். ஜெயபாய்னு எழுதிக்கிடுங்க."

5

கல்லறைத் திருநாள் ஞாயிறு ஆர்.சி. கோயிலுக்கு நானும் போனேன். பூசை வைத்த சாமியார் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். சவேரியம்மாள், மதலைமுத்து என்று ஆர்.சி. பெயர்களாகவே போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஜெயபாய் வந்தது. ஞானசிகாமணி தலை குனிந்திருந்தார். ஆஷாவோடு வந்திருந்த ராபினிடம் யாரும் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. அவன் எழுந்து, வரிசையைத் தாண்டி வந்து, அப்பாவின் தோளைத் தொட்டான்.

"அப்பா, அம்மா பேரச் சொல்லிட்டாங்கப்பா."

(அவனுக்கு நான் எழுதிக் கொடுக்கத் தெரியாமல் தவித்த வசனம் அதுதான்.)

6

இங்கே முடித்திருக்கலாம். ஞானசிகாமணி தோற்றார், கல்யாணம் ஆர்.சி. கோயிலில், சுபம். அப்படியே ஒரு பத்தியும் எழுதி வைத்திருந்தேன். ஆனால் பேக்கரியில் நடந்தது வேறு.

"தோத்துட்டேன், சம்பந்தி," என்றார் ஞானசிகாமணி. "கல்யாணம் உங்க கோயில்ல."

"அதெல்லாம் முடியாது. உங்க கோயில்லதான்."

"என்ன வே, வெளயாடுதீரா? பந்தயம் பந்தயம்தான்."

"பொண்டாட்டிக்காகத் தோத்துப்போனவருகிட்ட ஜெயிச்சேன்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? எம்மக உங்க கோயில்ல கட்டிக்கிட்டாத்தான் எனக்குப் பெரும."

"அவ பேர வாசிச்ச பீடம் அங்கல்லா இருக்கு! அதுக்கு முன்னாலதான் எம்மகன் தாலி கட்டணும்."

"முடியாதுங்கேன்!"

"நானும் முடியாதுங்கேன்!"

பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பழைய சண்டைதான், சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. இருவரும் தீர்ப்புக்காக என் பக்கம் திரும்பினார்கள்.

நான் சொல்லப்போவதில்லை. ஆர்.சி. என்றால் சூசை மிக்கேல் மனமுவந்து கொடுத்ததைத் தட்டிவிட்டவனாவேன். சி.எஸ்.ஐ. என்றால் ஜெயபாயின் பெயர் ஒலித்த இடத்திலிருந்து அவருடைய மகனைப் பிரித்தவனாவேன். ஆதிப் பிதாக்களைக் கேட்டுப் பார்த்தாயிற்று. சொந்தம் கொண்டாட இரண்டு பேருக்கும் இடம் கொடுத்துவிட்டு அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் நீங்கள் சொல்லுங்கள். எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும் சரி, போகாதவராக இருந்தாலும் சரி. ஆனால் கொஞ்சம் சீக்கிரம். வாசலில் ஆஷா ஸ்கூட்டியை அணைக்காமல் நிற்கிறாள், பின் சீட்டில் ராபின். உங்களைத்தான் கேட்கிறேன்:

"ஏனுங்க, யாராச்சும் ஒருத்தரு சொல்லுங்களேன்!"