கிளாரினெட்காரனின் அண்ணன்

ஜூலை நாலாம் தேதி திருவனந்தபுரத்து வள்ளக்கடவில் எந்தப் புனிதருக்கும் திருநாள் கிடையாது. ஆனாலும் வருஷா வருஷம் அன்றைக்கு பேண்டு செட்டுக்காரர்களின் அறையில் மெழுகுவர்த்தி எரியும். சுவரில் அந்தோணியாருக்கும் முருகனுக்கும் நடுவில் லூயி ஆம்ஸ்ட்ராங் கன்னம் உப்ப டிரம்பெட் ஊதிக்கொண்டிருப்பார், படத்துக்கு ஒரு சாமந்தி மாலையோடு. புதிதாக வந்த பாதிரியார் ஒருமுறை எட்டிப் பார்த்து, "இது ஏது புண்ணியாளன்?" என்று மலையாளத்தில் கேட்டார். "நியூ ஆர்லியன்ஸ் புண்ணியாளனாணு அச்சோ" என்றான் சூசைநாயகம், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பாதிரியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனார் என்று பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். சிலுவை போட்டது அவனாகச் சேர்த்த சரக்கு.

சூசைநாயகம் அந்த செட்டில் கிளாரினெட். விழிஞ்ஞத்துக் கடல்காரக் குடும்பத்தில் பிறந்து, வள்ளம் ஏறினால் வாந்தி எடுக்கிறவன் என்று வீட்டாரால் கைவிடப்பட்டு வாத்தியத்துக்கு வந்தவன். கோலப்பன் டிரம்பெட். வடசேரிக்காரன், கட்டட வேலைக்கென்று திருவனந்தபுரம் வந்து, பேண்டு செட்டின் சிவப்புக் கோட்டுக்கும் பொன் நிறக் குஞ்சத்துக்கும் மயங்கி அங்கேயே தங்கிவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடும்பம் என்று அவனுக்கு இருந்தது டிரம்பெட்டும், சூசைநாயகம் வீட்டுச் சோறும்தான்.

ஆம்ஸ்ட்ராங்கைத் தெரியவைத்த கேசட்டுகள் வந்தது சூசைநாயகத்தின் மனைவி ராகேல் மூலமாக. கோவளத்தில் ஒரு லாட்ஜில் அவள் அறை பெருக்கிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது பை நிறையக் கேசட்டை விட்டுவிட்டுப் போனான். குப்பையில் போடச் சொன்னார்கள். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள், அழித்துவிட்டு மேலே ஜெபப் பாட்டுப் பதியலாமே என்று. சூசைநாயகம் ஒன்றைப் போட்டுக் கேட்டான். கிளாரினெட். கையில் இருந்த சோற்று உருண்டையை வாயில் வைக்க மறந்து உட்கார்ந்திருந்தான். "எடே கோலப்பா, நாம இத்தற நாளும் ஊதினது சைக்கிள் பம்படே" என்றான் மறுநாள்.

அதிலிருந்து இரண்டு பேருக்கும் பித்துப் பிடித்தது. கேசட்டுக்குள் மடித்து வைத்திருந்த சின்ன எழுத்துக் காகிதங்களை மகள் ஜெஸ்லின் படித்துப் பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் சொல்வாள். மஹாலியா ஜாக்சன் பாடினால் ராகேலே அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நிற்பாள், அது கோயில் பாட்டு என்று மொழி தெரியாமலே அவளுக்குத் தெரிந்தது. பெஸி ஸ்மித்தின் கல்லறையில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பெயர் எழுதிய கல் ஒன்றுகூட இருக்கவில்லை என்று ஜெஸ்லின் படித்த அன்றைக்குச் சூசைநாயகம் அழுதான். அவ்வளவு பெரிய பாட்டுக்காரி, ஒரு கல்லுக்கு வழியில்லாமல் கிடந்தாளே என்று இரண்டு நாள் புலம்பினான். ஆம்ஸ்ட்ராங் சொல்லி வந்த பிறந்த நாள் ஜூலை நாலு, ஞானஸ்நானப் பதிவுப்படி ஆகஸ்ட் நாலு என்று ஜெஸ்லின் கண்டுபிடித்துச் சொன்னபோது மட்டும் கோபம் வந்தது. "அவரு சொன்னதை நம்புவியா, பதிவை நம்புவியா?" என்று மகளைக் கேட்டான். ஜூலையே நின்றது. வருஷா வருஷம் அன்றைக்கு ராகேல் மரச்சீனிக் கிழங்கும் மாட்டிறைச்சி வறுவலும் செய்து தூக்குவாளியில் கொடுத்துவிடுவாள்.

கோலப்பனை உலுக்கியது கிங் ஆலிவர் கதை. ஆம்ஸ்ட்ராங்கையே சிகாகோவுக்கு வரவழைத்து மேடையேற்றிய மனிதர். பெயரிலேயே ராஜா. ஈறு நோய் வந்து பல் போயிற்று, பல்லோடு வாசிப்பும் போயிற்று. கடைசியில் சவானா என்ற ஊரில் பில்லியர்ட்ஸ் விளையாடும் இடத்தைப் பெருக்கிப் பிழைத்து இறந்தார். அதைக் கேட்டதிலிருந்து கோலப்பன் காலையும் மாலையும் வேப்பங்குச்சியால் பல் தேய்க்க ஆரம்பித்தான். வெற்றிலையை விட்டான். எலும்பு கடிக்கமாட்டான். சூசைநாயகம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பயப்படாதேடே. பங்க் ஜான்சன்னு ஒரு டிரம்பெட்காரரு இருந்தாருல்லா? அவருக்கும் பல்லு போச்சு. பத்து வருசம் வயல்லயும் லாரியிலயும் கிடந்தாரு. பெறவு கெட்டுப் பல்லு வச்சு, திரும்பி வந்து ஊதலியா? அந்தப் பல்லைக் கெட்டினது ஆரு? கிளாரினெட்டு ஊதின சிட்னி பெஷேன்னு ஒருத்தருக்க அண்ணன். பல் டாக்டரு. உனக்குப் பல்லு போனா நம்ம மிக்கேல் அண்ணனைக் கொண்டு கெட்டிக்கலாம்."

மிக்கேல், சூசைநாயகத்தின் கூடப்பிறந்த அண்ணன், விழிஞ்ஞத்தில் வலை இழுக்கிறவன். ஒரு கை விரித்தால் முறம் அளவு இருக்கும். அவன் பல் கட்டுவதை நினைத்து இருவரும் சிரித்தார்கள்.

தொண்ணூற்றெட்டில் ஓண விடுமுறை கழிந்தபோது சூசைநாயகத்தின் கண் மஞ்சளித்தது. ஈரல் கெட்டுப்போயிற்று என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வயிறு வீங்கிக் கிடந்தவன், ஒரு மத்தியானம் கோலப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"போகச்சில மெதுவா ஊது. திரும்பி வரச்சில அவங்க ஊதுத மாதிரி ஊது. செய்வியா?"

நியூ ஆர்லியன்ஸ் கறுப்பர்களின் வழக்கம் அது. சவத்தோடு போகும்போது பேண்டு அழுதுகொண்டு போகும். புதைத்துவிட்டுத் திரும்பும்போது கூத்தும் கும்மாளமுமாக வாசிக்கும், செத்தவன் கஷ்டம் தீர்ந்து போய்ச் சேர்ந்தானே என்று ஊரே தெருவில் ஆடும். அந்தக் கேசட்டை இருவரும் தேயத் தேயக் கேட்டிருந்தார்கள்.

"வீட்டுல சொன்னியாடே?" என்று கேட்டான் கோலப்பன்.

"நான் சொல்லிக்கிடுகேன். நீ ஊது."

அந்த வாரமே போய்விட்டான். கேசட்டுப் பையைக் கோலப்பனிடம் கொடுக்கச் சொல்லியிருந்தான், ஜெஸ்லின் கொண்டுவந்து கொடுத்தாள்.

நம் பக்கத்துச் சவ அடக்கத்தில் பேண்டுக்காரனின் வேலை கல்லறை வாசலோடு சரி. குழியில் மண் விழுந்த பிறகு வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் ஓரமாக நழுவ வேண்டும். கோலப்பனுக்கு இது தெரியாததல்ல. எத்தனை சவத்துக்கு ஊதியிருக்கிறான்! முன்கூட்டியே செட்டுக்காரர்களை டீக்கடையில் உட்கார்த்தி விஷயத்தைச் சொன்னான். தலையாட்டினார்கள். டிரம்காரன் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான்.

மண் மூடி, கூட்டம் வாசலைத் தாண்டியது. கோலப்பன் டிரம்பெட்டை உயர்த்தி ஊதினான். வாழ்நாளில் அவன் அப்படி ஊதியதில்லை. பாட்டு குதித்துக்கொண்டு போயிற்று. டிரம் சேரும் என்று பார்த்தான், சேரவில்லை. டிராம்போன் சேரவில்லை. தலையாட்டியவர்கள் எல்லாம் தரையைப் பார்த்து நின்றார்கள். ராகேல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அங்கே ஊரே சேர்ந்து ஆடுகிற பாட்டு, இங்கே ஒற்றை டிரம்பெட்டில் இழவு வீட்டைக் கேலி செய்கிற சத்தமாக இருந்தது. பாட்டைக் கொண்டுவந்த கோலப்பன், ஊரைக் கொண்டுவர முடியாது என்பதை யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் நிறுத்தியிருக்கமாட்டான், சிநேகிதனுக்குக் கொடுத்த வாக்கு அது.

"எந்தம்பி செத்தது உனக்குச் சந்தோசமாடே?" என்று கேட்டுக்கொண்டே வந்த மிக்கேல், விரித்த கையால் டிரம்பெட்டின் வாயில் ஓங்கி அறைந்தான். ஊதுகிற பித்தளை முனை பல்லுக்குள் போயிற்று. மேல் வரிசை முன்பற்கள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தன. அந்த ஊரில் கிளாரினெட்காரனின் அண்ணன் பல்லைக் கட்டிக் கொடுத்தான். இந்த ஊரில் கிளாரினெட்காரனின் அண்ணன் பல்லை உடைத்தான்.

"அவன் சொல்லித்தான் ஊதினேன்" என்று கோலப்பன் ரத்தத்தோடு சொன்னதை யாரும் நம்பவில்லை. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றார்கள். ஒருவேளை ராகேலாவது வாய் திறப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் ஜெஸ்லினின் தோளில் முகம் புதைத்திருந்தாள். சரி, சூசை இவளிடம் சொல்லாமலே போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டான்.

உதடு ஆறும்வரை பங்க் ஜான்சனை நினைத்துக்கொண்டு கிடந்தான். கட்டுப் பல் வைத்தால் ஊதலாம். அவர் ஊதினாரே! கிறிஸ்துமஸ் கழிந்து ஆஸ்பத்திரியில் பல் வைத்தார்கள். வெளியே வந்ததும் நேராக பேண்டு அறைக்குப் போய் ஊதிப் பார்த்தான். புஸ் என்று காற்றுப் போயிற்று. பல் ஆடியது. நாலு நாள் பொறுத்து ஊதினான், ஒரு வாரம் பொறுத்து ஊதினான். திரும்பப் போய்க் கேட்டபோது, பல்லில் கோளாறு இல்லை, மேலுதட்டில் உணர்ச்சி செத்துவிட்டது, சாப்பிடலாம், பேசலாம், ஊதுவதை மறந்துவிடு என்று டாக்டர் தன்மையாகச் சொன்னார். டிரம்பெட் செட்டு முதலாளியுடையது. அவர் அதை வேறு ஆளிடம் கொடுத்தார். பாவம் பார்த்து, தெரிந்த கல்யாண மண்டபம் ஒன்றில் கோலப்பனுக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். துடைப்பத்தைக் கையில் வாங்கியபோது கிங் ஆலிவர் நினைப்பு வந்தது. சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

அதன் பிறகு அவனைத் தாங்கியது கோபம் ஒன்றுதான். சொல்லிக்கிடுகேன் என்றவன் சொல்லாமல் போய்விட்டானே, துரோகி. பெருக்கும்போதும் திட்டினான், குளிக்கும்போதும் திட்டினான். செத்தவனைத் திட்டித் திட்டித்தான் நாளை ஓட்டினான். திட்டு முற்றிய ஒரு நாள் கேசட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்வதி புத்தனாற்றுக் கால்வாயில் வீசினான். ஆகாயத்தாமரைக்கு நடுவில் அது கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு முழுகியது.

அடுத்த ஜூலை நாலாம் தேதி முற்பகலில் ராகேல் மண்டபத்துப் பின்கட்டுக்கு வந்தாள். கையில் அதே தூக்குவாளி.

"நாலாம் தேதில்லா அண்ணே" என்றாள். "கிழங்கு அவிச்சேன். இறைச்சி கடிக்க முடியாதேன்னு மீன் வச்சிருக்கேன்."

அடக்கத்துக்குப் பிறகு அவள் அவனோடு பேசுவது இதுதான் முதல் தடவை. அவள் தட்டில் எடுத்து வைத்ததைக் கோலப்பன் வாங்கிக்கொண்டான். ஒரு வாய் தின்றான். அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"அவிய எங்கிட்ட சொன்னாவ அண்ணே."

"என்ன சொன்னான்?"

"திரும்பி வரச்சில கோலப்பன் ஆட்டப் பாட்டு வாசிப்பான், நான் சொல்லித்தான் வாசிப்பான், மிக்கேல் அண்ணங்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிரு, இல்லேன்னா அவனைத் தப்பா நினைப்பாவன்னு."

கோலப்பனுக்குக் கை கிழங்கிலேயே நின்றது. "பின்னே?"

"எப்படி அண்ணே சொல்லுவேன்? எல்லாரும் மாரடிச்சு அழுகாவ. நடுவுல நான் எந்திச்சு, மாப்பிள்ளைய குழியில வச்சதும் ஆட்டப் பாட்டு உண்டுன்னு சொன்னா, என்னைய என்ன நினைப்பாவ? நீங்களும் வாசிக்க மாட்டியன்னு இருந்தேன். பெறவு பாத்தா உங்க வாயில ரத்தம். அதுக்கப்புறம் எந்த மொகத்த வச்சிக்கிட்டுச் சொல்ல?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இத்தனை மாதமாகத் திட்டியதெல்லாம் திரும்பி வந்து அவன் நெஞ்சில் உட்கார்ந்தது. சூசை சொல்லியிருக்கிறான். சாகக் கிடந்தும் தன் சிநேகிதனுக்கு அடி விழக்கூடாது என்று யோசித்திருக்கிறான். இனி யாரைத் திட்டுவது? இவளையா? இவளைப் பார்த்தால் திட்டவும் வரவில்லை.

"கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிருகேன் அண்ணே. மிக்கேல் அண்ணங்கிட்டயும் சொல்லுகேன்."

"வேண்டாம். சொன்னா பல்லு முளைக்குமா?"

ராகேல் மெல்லக் கேட்டாள். "அந்தக் கேசட்டைப் போடுவியளா? அன்னைக்கு நான் காதப் பொத்திட்டேன். அவிய ஆசப்பட்டது என்னன்னு ஒருக்கா கேக்கணும்."

"டேப்பு ரிப்பேரு."

"ஜெஸ்லின்கிட்ட ஒண்ணு இருக்கு. கேசட்ட மட்டும் தாங்க."

கோலப்பன் தட்டைக் கீழே வைத்தான். பொய் சொல்லவும் அவனிடம் தெம்பு இல்லை.

"புத்தனாத்துல போட்டுட்டேன் தங்கச்சி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அவன் உங்கிட்ட சொல்லாமப் போயிட்டான்னு நினைச்சு."

ராகேல் அப்படியே படியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை விட்டுவிட்டாள்.

"நானும் சொல்லல" என்றாள். "நீங்களும் வைக்கல."

முன்வாசலில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேர்ந்தது. அவனுடைய பழைய செட்டுதான். புதிதாகச் சேர்ந்த டிரம்பெட்காரன் ஏதோ சினிமாப் பாட்டை ஊதினான், மேலே போக வேண்டிய இடத்தில் கீழேயே நின்றான். அந்த இடம் வந்ததும் கோலப்பனின் உதடு தன்னையறியாமல் குவிந்தது. கட்டுப் பல் நழுவி நாக்கில் விழுந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வாசலில் பூ இறைத்திருப்பார்கள், ஆட்கள் மிதித்து ஒட்டிப்போகும் முன் கூட்ட வேண்டும். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான்.